பூதத்துக்கு எதுக்குச் சிரிப்பு?

உள்ள வா தம்பி. செருப்ப வாசல்ல வுடாதே, கையோட எடுத்துகினு வா. எதிர் வூட்டு நாய்க்கு செருப்புன்னா உசுரு. ரெண்டையும் தூக்கிகினு போனாகூட பரவாயில்ல, ஒண்ண மட்டும் தூக்கிகினு போயி உன்ன நொண்ட வுட்டுடும்.

உக்காரு. என் பொண்ணு தேன்மொழி போன்ல சொன்னா. பழைய படமெல்லாம் தேடிகினு ஒரு புள்ள வருது, அப்பா நடிச்ச பூதப் படத்தப் பத்திக் கேக்கும், கோவப்படாம பேசும்மான்னு. நான் எப்போ கோவப்பட்டேன்? வேணும்னா இந்தத் தெருவுல கேட்டுப் பாரு. வேணாம், இந்தத் தெருவுல கேக்காதே.

ஆமா, "ஆகாசப் பூதம்". அந்தப் பூதத்தோட பொண்டாட்டி நான்தான். சம்பூர்ணம்.

இன்னா சொன்னே? இப்போ இருக்கற புள்ளைங்க அந்த மாதிரி பழைய பூதப் படமெல்லாம் கூடி உக்காந்து பாத்து சிரிக்குதுங்களா? சிரிக்கட்டும். ரப்பர் மூஞ்சி, டார்ச் லைட்டு கண்ணு, சிரிப்பு வராம இன்னா வரும்? அப்பவே சினிமா கொட்டாயில வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க. நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன். உள்ள ஒரு மனுசன் வெந்துகினு இருந்தான்னு அதுல ஒருத்தர் நெனச்சாலும் போதும் எனக்கு.

ஆனா ஒண்ணு, முதல்லயே சொல்லிடறேன். டைரக்டர் வரதராஜுலுவப் பத்தி நல்ல வார்த்தை என் வாயிலேந்து வராது. அந்தக் காலத்துலயே அப்படி எடுத்தாரு, இப்படி எடுத்தாரு, மேதைன்னு எழுதறதுக்கு வந்திருந்தியானா, டீயக் குடிச்சிட்டு கெளம்பிடு. என் புருஷன் செத்ததுக்கு அந்தாளுதான் காரணம். ஒரு சிரிப்பு தம்பி. ஒரே ஒரு சிரிப்பு எடுக்கல அந்தாளு. அத்த எடுத்திருந்தா அவரு இன்னிக்கு இந்த நாற்காலியில உக்காந்து உன்னாண்ட அவரே கதை சொல்லிகினு இருப்பாரு.

புரியலையா? சொல்றேன், சொல்றேன். சூடு ஆறதுக்குள்ள டீயக் குடி.

அவரு பேரு தணிகாசலம். திருத்தணி பக்கம். ஒசரம்னா ஒசரம், அப்படி ஒரு ஒசரம். எங்க வூட்டு நிலைப்படியில தலைய இடிச்சிக்காத நாளே கெடையாது. கதாநாயகன் ஆவணும்னுதான் மெட்ராசுக்கு வந்தாரு. வந்தவங்க எல்லாரும் அதுக்குத்தானே வந்தாங்க. ராஜா கதையில ஈட்டி புடிச்சிகினு நிப்பாரு. சண்டையில மொத அடி வாங்கி மொத ஆளா வுழுவாரு. முன்னால நிக்கவே வுட மாட்டாங்க. இவரு பக்கத்துல நின்னா ஹீரோ குட்டையா தெரிவாராம். அந்த ஒசரம்தான் அவருக்கு வந்த சனியன். மூஞ்சி மட்டும் ராஜா மாதிரி இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க.

சொல்லுவாங்கன்னு சொல்றேனே, ஏன் தெரியுமா? எனக்கு மறந்து போச்சு. நெஜமா தம்பி. கட்டினவன் மூஞ்சி மறந்து போன பொம்பள உண்டா ஒலகத்துல? நான் இருக்கேன். கல்யாணத்துல எடுத்த போட்டோ ஒண்ணு இருந்துச்சு. அதுலயும் போலீஸ்காரன் முன்னால நிக்கற மாதிரி மொறைச்சிகினு நிப்பாரு. அந்தப் பெரிய வெள்ளத்துல வூட்டுக்குள்ள கழுத்து வரைக்கும் தண்ணி வந்துச்சே, அப்போ அதுவும் ஊறி வழிஞ்சி வெறும் அட்டையா போச்சு. இப்போ கண்ண மூடினா பூதத்தோட மூஞ்சிதான் வருது. அவரு செத்ததுக்கு அப்பால ஊரெல்லாம் அந்த மூஞ்சியத்தான ஒட்டி வெச்சிருந்தாங்க. தேன்மொழி அப்பாவப் பாத்ததே இல்ல. வயித்துல இருக்கும்போதே அவரு போயிட்டாரு. ஸ்கூல்ல உங்க குடும்பத்தை வரைங்கன்னு டீச்சர் சொன்னதுக்கு, அப்பாவுக்கு ரெண்டு கொம்பும் பல்லும் வெச்சி வரைஞ்சிகினு வந்தா. பச்சைக் கலரு அடிச்சி. டீச்சர் என்னக் கூப்ட்டு, வூட்ல எதனா பிரச்சினையாம்மான்னு கேக்கறாங்க.

சரி, படத்துக்கு வரேன். இந்த வரதராஜுலு மவுண்ட் ரோட்டுல ஒரு இங்கிலீஷ் படம் பாத்தாராம். ஆகாசத்துலேந்து தட்டு மாதிரி ஒண்ணு எறங்குதாம், உள்ளேந்து ஒரு ஜந்து வெளிய வந்து ஊரையே நாசம் பண்ணுதாம். பாத்துட்டு வந்த மனுசனுக்குத் தூக்கம் இல்ல. நம்மளும் எடுக்கணும். கையில காசு இல்ல, பெரிய நடிகன் கெடையாது, நல்ல செட்டு கெடையாது. இன்னா இருந்துச்சு? எங்க வூட்டுக்காரரு ஒசரம் இருந்துச்சு.

அன்னிக்கு வூட்டுக்கு வந்தவரு குதிச்சிகினு வந்தாரு. "சம்பூர்ணம், இனிமே படத்துக்கே நான்தான் மெயினு. போஸ்டர்ல நடுவுல நான்தான்"ன்னாரு.

"மூஞ்சி தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"தெரியாது. ஆனா இதுல நல்லாப் பண்ணா அடுத்த படத்துல ஹீரோ வேஷம் தரேன்னு சொல்லியிருக்காரு."

மூஞ்சியே காட்டாம ஹீரோ ஆவப் போற ஆள நான் அன்னிக்குத்தான் பாத்தேன். ஆனா அவரு சந்தோசத்தக் கெடுக்க மனசு வரல. பாயசம் வெச்சேன்.

அந்தப் பூதச் சட்டைய நீ பாத்திருக்கணும். புதுப்பேட்டையில பழைய லாரி ட்யூபு வாங்கியாந்து வெட்டி, உள்ள சாக்கும் தேங்கா நாரும் வெச்சித் தெச்சி, மேல பச்சை பெயிண்டு. இடுப்புல பேட்டரி, அதுலேந்து வயரு போயி கண்ணுல பல்பு எரியும். தலைய தனியா மாட்டி கழுத்தாண்ட கயிறு போட்டு இறுக்கிடுவாங்க. போதாததுக்கு பூதம் வந்தா பொகை வரணுமாம். ஈர வைக்கோலக் கொளுத்தி, மேல சாம்பிராணி போட்டு, அவரு காலாண்டயே வெச்சிடுவாங்க. மூச்சு வுடறதுக்குன்னு வாயில ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியா காத்து வருமா, பொகை வருமா, நீயே சொல்லு.

சாயங்காலம் வருவாரு, முதுகு பூரா தோலு உரிஞ்சி செவசெவன்னு இருக்கும். தேங்கா எண்ணெய் தடவி வுடுவேன். இருமுவாரு. அது மார்கழியிலேந்தே இருந்துச்சு, சாதாரண சளி. எல்லாருக்கும் வரதுதானே? கொஞ்சம் எளைச்சிருந்தாரு. சாயங்காலமானா உடம்பு கதகதன்னு இருக்கும். சூட்டு உடம்புன்னு இளநி வாங்கிக் குடுப்பேன். துப்பும்போது ஒரு தடவ கொஞ்சம் செவப்பா இருந்துச்சு. வெத்தலை போட்டேன்னு சொன்னாரு. அவரு வெத்தலை போட்டு நான் பாத்ததில்ல, ஆனா சினிமாக்காரங்க கூட சேந்தா எல்லாம் பழகிக்கும்.

நான் சாப்பாடு எடுத்துகினு போவேன்ல, பாப்பேன். ஒவ்வொரு ஷாட்டு முடிஞ்சதும் அந்த வரதராஜுலு தானே ஓடியாந்து கயித்த அவுத்து, தலையக் கழட்டி, துண்டால விசிறுவாரு. டைரக்டர் எங்கயாவது விசிறுவாரா? மடியில கனம் இருக்கறவன்தான் அப்படிப் பண்ணுவான்.

ஒரு நாள் வூட்டுக்கே வந்துட்டாரு. என் வூட்டுக்காரரு கடைக்குப் போயிருந்த நேரம் பாத்து. "அம்மா, தணிகாசலம் இருமற இருமல் எனக்கு சரியாப் படல. நானே டாக்டராண்ட கூட்டிகினு போறேன். மிச்ச சீனுக்கு வேற ஆள சட்டைக்குள்ள வுட்டு எடுத்துக்கறேன். மூஞ்சிதான் தெரியாதே"ன்னாரு.

எனக்கு வந்துச்சே கோவம்! வாசல்லயே நிக்க வெச்சி கேட்டேன். "இத்தினி நாளு வேக வெச்சிட்டு, போஸ்டர்ல பேரு போடற நேரத்துல வேற ஆளா? வெளிய தெரியாத மூஞ்சின்னா யாரு மூஞ்சியா இருந்தா இன்னான்னு நெனப்பா? என் புருஷன் பொழப்புல மண்ணைப் போட்டே, ஸ்டூடியோ வாசல்ல மண்ணை வாரித் தூத்துவேன்"னேன். தெருவே கூடிடுச்சி. மனுசன் தலையக் குனிஞ்சிகினு போயிட்டாரு. மறுநாள் என் வூட்டுக்காரரே சட்டையப் போட்டாரு. நான் மட்டும் அன்னிக்கு வாயத் தெறக்கலைன்னா, அவரு பேரு அந்தப் படத்துல வந்திருக்காது, தெரிஞ்சிக்கோ.

இப்போ அந்தச் சிரிப்பு விஷயத்துக்கு வரேன்.

நீ சினிமாவத் தேடி அலையறவன், உனக்குத் தெரிஞ்சிருக்கும். படத்துல ஒருத்தரு செத்த மாதிரி நடிச்சா, அந்த ஷாட்டு முடிஞ்சதும் எழுப்பி உக்கார வெச்சி, கேமராவப் பாத்து சிரிக்கச் சொல்லி ஒரு துண்டு எடுப்பாங்க. அது படத்துல வராது. ஆனா எடுத்தே ஆவணும். மாலை போட்டுப் படுக்க வெச்சது வெளையாட்டுக்குத்தான்னு மேல இருக்கறவனுக்குத் தெரியணும்ல? ஒரு வயசான காமெடி நடிகரு, பாடையிலேந்து எழுந்து, வாயில வெச்ச அரிசியோட சிரிச்சாரு, நானே பாத்திருக்கேன். எவ்ளோ பெரிய நாத்திகம் பேசறவனும் அந்தச் சிரிப்ப எடுக்காம வூட்டுக்குப் போவ மாட்டான்.

பூதம் சாவற சீனு கடைசி நாளு. நான் சாப்பாட்டோட போயி ஓரமா, ஒரு லைட்டு கம்பத்தாண்ட நின்னேன். வயித்துல புள்ளைய வெச்சிகினு அதெல்லாம் பாக்கக் கூடாதுதான், ஆனா கால் நவரல. மேலேந்து உருண்டு வந்து வுழுந்தாரு. சுத்தி நெருப்பு. ஹீரோ வந்து நெஞ்சு மேல கால வெச்சி வசனம் பேசறான். இவரு அசையாம கெடக்காரு. கண்ணு பல்பு ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா மங்கி அணைஞ்சி போச்சு. எல்லாரும் கை தட்றாங்க.

அப்போ கேமராமேன் சொல்றான், பிலிம் தீந்து போச்சுன்னு. அவ்ளோதான், எல்லாரும் சாப்பாட்டுக்குக் கெளம்பிட்டாங்க. அவரு இன்னும் தரையிலயே கெடக்காரு, யாரோ கயித்த அவுத்துகினு இருக்காங்க. நான் நேரா டைரக்டராண்ட போனேன். "சிரிப்பு எடுக்கல"ன்னேன்.

"பிலிம் இல்லம்மா"ன்னாரு.

"எங்கனா வாங்கியாந்து எடுங்க."

அந்தாளு களைச்சிப் போயி இருந்தாரு போல. "செத்தது பூதம்தானேம்மா, தணிகாசலமா செத்தான்? பூதத்துக்கு எதுக்குச் சிரிப்பு?"ன்னாரு. சுத்தி நின்னவங்க எல்லாம் கொல்லுனு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு மட்டும் இருந்துச்சு அங்க, ஊரு சிரிப்பு.

சாப்பாட்டுத் தூக்குச் சட்டிய அப்படியே எடுத்துகினு வெளிய வந்துட்டேன். அவராண்ட சொல்லிக்கக்கூட இல்ல. வெயில்ல நடந்தே வூட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் வராரு. வரும்போதே, "எடுத்தாச்சு சம்பூர்ணம், எடுத்துட்டாங்க. நீ ஏன் போயிட்டே?"ங்கறாரு. நீ போனதும் டைரக்டருக்கு மனசு கேக்கல, பக்கத்து ஃப்ளோர்ல நடந்த வேற ஷூட்டிங்ல போயி கெஞ்சிக் கூத்தாடி ஒரு துண்டு பிலிம் வாங்கியாந்து எடுத்தாருங்கறாரு.

நான் நம்புவேனா? டைரக்டராவது, கெஞ்சறதாவது. எனக்காகச் சொல்ற பொய்யி. அந்தாள வுட்டுக் குடுக்க மனசு இல்லாம சொல்ற பொய்யி. அடுத்த படத்துல ஹீரோ தரேன்னு சொல்லியிருக்கானே! என் தலையில கைய வெச்சி சத்தியம் பண்ணாரு. கையத் தட்டி வுட்டேன். பொய் சத்தியம் பண்ணி வயித்துல இருக்கற புள்ளையையும் சேத்துக் கொல்லாதேன்னு சொன்னேன். போயி சுவத்தப் பாத்துப் படுத்துக்கினேன்.

"இப்படித்தான்டி சிரிச்சேன், பாரேன், திரும்பிப் பாரேன்"னு பின்னால உக்காந்துகினு கெஞ்சறாரு. சிரிச்சிக் காட்டினாரு போல. நடுவுல இருமல் வேற. நான் திரும்பல. பொய்ச் சிரிப்ப எதுக்குப் பாக்கறது?

அப்பறம் இன்னா, அவ்ளோதான். படுத்தவரு எழுந்திருக்கல. தாம்பரத்து ஆஸ்பத்திரியில சேத்தோம். நெஞ்சுல காச வியாதின்னாங்க, ரொம்ப நாளா இருந்திருக்குன்னாங்க. டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அதே வார்டுல, அதே வியாதியோட, இவர வுட எலும்பும் தோலுமா கெடந்தவனெல்லாம் ஊசி போட்டுகினு எழுந்து வூட்டுக்குப் போனான். பக்கத்துக் கட்டில்ல ஒரு கிழவன், இன்னிக்கோ நாளைக்கோன்னு இருந்தவன், பீடி கேட்டு சண்டை போட்டுகினு வெளிய போனான். இவரு மட்டும் ஏன் போவணும்? நீ சொல்லு. அவங்க யாரும் செத்தா மாதிரி நடிச்சிட்டு சிரிக்காம வூட்டுக்குப் போவல, அதான்.

அந்த வரதராஜுலு தினமும் வருவாரு. ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்சு. நான் எல்லாத்தையும் வராண்டாவுலேந்து வீசிட்டேன். கட்டில் காலாண்ட உக்காந்து அழுவாரு. இன்னா நடிப்பு! என் வூட்டுக்காரரு போன அன்னிக்கு, பாடிய எடுக்கும்போது என்னாண்ட வந்து, "அம்மா, அன்னிக்கு நான்..."ன்னு ஆரம்பிச்சாரு. நான் கத்தின கத்துல மனுசன் வெளியவே போயிட்டாரு. அப்பாலயும் வுடல. தேன்மொழி ஸ்கூலு போற வயசுல ஒரு தடவ வந்தாரு, கதவ சாத்திட்டேன். வயசாயி, கோல ஊனிகினு ஒரு தடவ வந்தாரு, கையில ஒரு பையி. "ஒண்ணே ஒண்ணு காட்டணும்மா"ன்னாரு. ஜன்னல் வழியாவே, போய்யா வெளியன்னேன். அந்தப் படம் ஒரு வாரம்கூட ஓடல. அவரு வேற படமும் எடுக்கல. அதுவும் என் வயித்தெரிச்சல்தான்னு சொல்லிக்குவேன். செத்தாருன்னு கேள்விப்பட்ட அன்னிக்கு தலை முழுவினேன், நல்லெண்ணெய் வெச்சி.

தெனமும் படுக்கும்போது அந்தாள நாலு வார்த்தை திட்டிட்டுத்தான் படுப்பேன். அப்பதான் தூக்கம் வரும். இன்னி வரைக்கும் அப்படித்தான்.

ஏன் தம்பி மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி? இன்னா அது, போன்ல? வரதராஜுலு வூட்லேந்தா? அவரு பேரன் குடுத்தானா? ஒரு பிஸ்கட் டப்பாவுலயா வெச்சிருந்தாரு? படத்தோட சேக்காத துண்டா? இரு, இரு. கண்ணாடி எங்க வெச்சேன். அந்த டிவி மேல பாரு.

கிட்ட காட்டு. சத்தம் இல்லையா? சரி.

இது பூதம். ஆமா, அந்தச் சட்டைதான். தரையில உக்காந்துகினு இருக்கு. பக்கத்துலேந்து யாரோ கைய நீட்டி கயித்த அவுக்கறாங்க. மோதிரம் போட்ட கை. இது அந்தாளு கைதான், எனக்குத் தெரியும். தலையத் தூக்கிட்டாங்க.

ஐயோ.

ஐயோ, இது அவருடா.

முடியெல்லாம் ஈரம். எளைச்சிட்டாரே. இவ்ளோ எளைச்சா இருந்தாரு? கன்னம் இப்படி உள்ள போயிருக்கு, நான் எண்ணெய் தடவினேனே தெனமும், எப்படிப் பாக்காம போனேன்? இருமறாரு. அந்தாளு துண்டால மூஞ்சியத் தொடைக்கறாரு, கொழந்தைக்குத் தொடைக்கற மாதிரி. கேமராவப் பாருன்னு சொல்றாங்க போல. பாக்க மாட்டேங்கறாரே. கழுத்த நீட்டி அந்தப் பக்கம் இன்னா தேடறாரு? அங்க யாரு...

லைட்டு கம்பம் அங்கதான் இருந்துச்சு. நான் நின்னுகினு இருந்த எடம் அது.

இல்லைய்யா. நான் வூட்டுக்கு வந்துட்டேன்யா.

இதோ, திரும்பறாரு. சிரிக்கறாரு. பாரேன், அந்த ஓரத்துப் பல்லு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிகினு இருக்கும், அத்த சொல்லிக் கிண்டல் பண்ணுவேன், எப்படி மறந்தேன் அத்த. எப்படிச் சிரிக்கறாரு பாரு, கண்ணெல்லாம் சுருங்க. நல்லா சிரிக்கறாரு. யாரும் குத்தம் சொல்ல முடியாத மாதிரி சிரிக்கறாரு. இன்னும் சிரிக்கறாரு. இத்தினி நேரம் யாரும் எடுக்க மாட்டாங்க.

முடிஞ்சி போச்சா? மறுபடியும் போடு.

மறுபடியும் போடு தம்பி.

பொய் சொல்லல அவரு. என் தலையில கைய வெச்சி சொன்னது நெசம். அந்தக் கெழவன் கோல ஊனிகினு இத்தத்தான் எடுத்துகினு வந்தானா? டப்பாவுல பத்திரமா வெச்சிருந்தானா, எனக்குக் காட்டணும்னு?

நீ படிச்ச புள்ள. நாலு எடம் போறே, நாலு பேரப் பாக்கறே. எனக்கு ஒண்ணு சொல்லு. எடுத்திருக்காங்க. நல்லா சிரிச்சிருக்காரு. நீயும் பாத்தே, நானும் பாத்தேன். அப்பறம் ஏன் தம்பி அவரு செத்தாரு?